சாட்சிக் கூண்டில் வரலாறு

அரசியல் சட்டத்துக்குப் பொருள் காணும் நீதிபதிகள், அதை எழுதியவர்கள் என்ன எண்ணினார்கள் என்று தேடிப் போவது இயல்பு. அந்தத் தேடலில் பணிவு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் ஏ.கே. கோபாலன் வழக்கில் காணலாம்.

கம்யூனிஸ்ட் தலைவரான கோபாலன் 1947 டிசம்பர் முதல் சென்னை மாகாணத்தில் காவலில் இருந்தார். 1950இல் தடுப்புக் காவல் சட்டம் வந்ததும், அதன்கீழ் அவர்மீது புதிய ஆணை பிறந்தது. சட்டம் வகுத்த நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது 21ஆவது பிரிவு. நாடாளுமன்றம் வகுத்துவிட்டால் எந்த நடைமுறையும் போதுமா, அது நியாயமாகவும் இருக்க வேண்டாமா என்பதுதான் புதிதாகப் பிறந்த உச்ச நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி.

போதும் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். அவர்களுக்கு வரலாறு துணை நின்றது. நியாயத்தை எடைபோடும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தரும் அமெரிக்கச் சொற்றொடர் ஒன்று முதலில் நம் வரைவிலும் இருந்தது. வரைவுக் குழு அதை நீக்கி, ஜப்பானின் 1946ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தை ஒட்டி இன்றைய சொற்களை இட்டது. தெரிந்தே நீக்கியதை நீதிமன்றம் மீண்டும் நுழைக்கலாமா?

வலுவான வாதம்தான். ஆனால் ஏன் நீக்கினார்கள்? அமெரிக்க நீதிமன்றங்கள் அந்தச் சொற்றொடரைக் காட்டித் தொழிலாளர் நலச் சட்டங்களை ரத்து செய்திருந்தன. 1947இல் அங்கே சென்ற நம் அரசியல் சட்ட ஆலோசகர் பி.என். ராவிடம் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரே அதன் ஆபத்தைச் சொன்னார். இங்கேயும் நிலச் சீர்திருத்தம் முடங்கிவிடுமோ என்ற கவலை. பிரிவினைக் கலவரங்களின் நடுவே தடுப்புக் காவல் கைவிட்டுப் போகுமோ என்ற கவலை.

அந்த முடிவிலும் ஒருமனம் இல்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பழைய சொற்றொடரை மீட்க உறுப்பினர் கே.எம். முன்ஷி வாதாடினார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் எதிர்த்தார். அம்பேத்கர் இரு பக்கமும் உள்ள ஆபத்தை எடுத்துச் சொல்லி, தீர்மானத்தைச் சபையிடமே விட்டார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், கைதானவர்களுக்கான பாதுகாப்புகளை முன்மொழிந்தபோது, முன்பு செய்ததற்கு ஈடாகவே இதைச் செய்கிறோம் என்ற பொருள்பட அவரே பேசினார். எழுதிய கைகளிலேயே தயக்கம் இருந்தது. தீர்ப்பு அந்தத் தயக்கத்தை விட்டுவிட்டு, நீக்கம் என்ற செயலை மட்டும் எடுத்துக்கொண்டது.

அதே அமர்வில், அதே சொற்களைப் படித்த நீதிபதி ஃபசல் அலி வேறு முடிவுக்கு வந்தார். குற்றச்சாட்டைத் தெரிவிப்பது, தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிப்பது, நடுநிலையான மன்றம் விசாரிப்பது ஆகியவை இல்லாமல் நடைமுறை என்று ஒன்று இருக்க முடியுமா என்று எண்ணினார். அன்று அது தனிக்குரல். 1978இல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமாகவும் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 28 ஆண்டுகள் கடந்திருந்தன.

வரலாறு வேண்டாம் என்பதல்ல இதன் பாடம். அதைப் புறக்கணிக்கும் நீதிபதி தன் விருப்பத்தையே சட்டமாக்கிவிடக்கூடும். ஆனால் வரலாறு ஒரு சாட்சி. தீர்ப்பு எழுதும் இடம் அதற்கு இல்லை. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். என்ன செய்தார்கள் என்பதோடு, எதற்கு அஞ்சிச் செய்தார்கள், அந்த அச்சம் இன்றும் நிற்கிறதா, மறுத்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேட்க வேண்டும்.

முன்னோர் தங்கள் காலத்தின் நெருக்கடிக்கு விடை தேடினார்கள். ஒரு காலத்தின் அச்சத்தை எல்லாக் காலத்துக்குமான விதியாக்குவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வரலாறு நீதிபதிக்கு எல்லை காட்டலாம். அவருடைய பொறுப்பை அது ஏற்றுக்கொள்ளாது. சிறையில் இருப்பவன் நியாயம் கேட்பது இறந்தவர்களிடம் அல்ல, இன்று இருக்கையில் அமர்ந்திருப்பவரிடம். விடை சொல்ல வேண்டியவரும் அவரே.