மரியாதைக்குச் சொன்ன பதில்

புதிய சந்தைக்குள் மென்பொருளோடு நுழைபவர் முதலில் விலையைக் குறைக்கிறார், பிறகு மொழியை மாற்றுகிறார். இரண்டும் வேண்டியவைதான்; ஆனால் இரண்டையுமே அலுவலகத்தில் உட்கார்ந்தபடி செய்துவிடலாம். மக்கள் அதை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பது மட்டும் அங்கிருந்து தெரியாது. கென்யாவில் 2005-இல் எம்-பெசா என்ற சேவையைச் சோதித்துப் பார்த்தது, சிறுகடன் தவணையைக் கைபேசியில் கட்டுவதற்காக. மக்களோ அதில் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொண்டார்கள். அதைக் கவனித்ததால்தான் 2007-இல் அது பணம் அனுப்பும் சேவையாகவே வெளிவந்தது. கடன் தவணையைப் பற்றிய கேள்வித்தாளில் இதற்கு இடமேது? போதாக்குறைக்கு, வீடு தேடி வந்து கேட்பவரிடம் 'நல்லா இருக்கு' என்று சொல்லி அனுப்புவது பல ஊர்களில் மரியாதை. பயனர் ஆய்வுக் கருவி விற்கப் போகிறவருக்கு இது கொஞ்சம் சங்கடம்தான்: கருவி பதிலைப் பதிவு செய்யும், அதில் மரியாதை எவ்வளவு என்று பிரித்துக் காட்டாது.