முன்னீன்ற கன்று

ஆடி 18 அன்று காலையில் ஸ்ரீரங்கத்து அம்மாமண்டபப் படித்துறைக்கு வருகிறவர்கள் காவிரியை வெறும் நதியாகக் காண்பதில்லை. அவள் சூலுற்றிருக்கிறாள், மசக்கையில் நாவுக்கு ருசி கேட்கிறாள் என்ற நம்பிக்கையினாலே புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் எலுமிச்சஞ் சாதமும் கட்டிக்கொண்டு வந்து, காதோலை கருகமணியோடு மஞ்சளையும் வெற்றிலையையும் நீரில் விட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்குச் செய்கிற உபசாரத்தை அவளுக்குச் செய்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஓர் ஆடிப்பெருக்கில், ஏழு மாதக் கர்ப்பிணியாய், 20 மாதம் நிரம்பிய மூத்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படிகளில் நின்றபோது என் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. சூல்கொண்ட இவள், முன்பே பெற்ற பயிர்பச்சைகளுக்கெல்லாம் ஓயாமல் பாலூட்டிக்கொண்டும் இருக்கிறாளே, அது இவளுக்கு எவ்வாறு இயலுகிறது?

எனக்கு இயலவில்லை. தூக்கினால் வயிறு இடித்தது. இறக்கிவிட்டால் அவன் புடவைக் கொசுவத்தைப் பற்றிக்கொண்டு அழுதான். சோறு குழையும் வாசனையே எனக்குக் குமட்டிய மாதங்களில், நான் பிசைந்து ஊட்டினாலன்றி ஒரு கவளமும் உண்ணமாட்டேன் என்று அவன் பிடிவாதம் செய்தான். ஐந்தாம் மாதத்தில் பால் வற்றிற்று. வேப்பெண்ணெய் தடவாமலே பால்குடி மறந்துவிட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். ஆனால் நடுநிசியில், ஆழ்ந்த உறக்கத்தில், அவன் உதடுகள் மட்டும் தாமாகவே குவிந்து சப்புக்கொட்டிக்கொண்டிருந்ததை நான் ஒருத்தி மாத்திரம் அறிவேன்.

அடுத்த கருவினால் தாய்ப்பால் இழந்து மெலியும் குழந்தைக்குச் 'சவலை' என்று நம் மொழி தனியே ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், மேற்கு ஆப்பிரிக்கப் பொற்கரை நாட்டில் கால் வீங்கி முடி வெளிறிச் சாகும் சிசுக்களைக் கண்டு, 1935-ல் அந்நோய்க்கு 'க்வாஷியோர்கர்' என்ற பெயரை வைத்திய உலகுக்கு அறிவித்தார். அது அவர் ஆக்கிய பெயரன்று, அடுத்த பிள்ளை வந்ததும் விலக்கப்பட்ட பிள்ளைக்கு வருவது என்ற பொருளில் அந்நாட்டுத் தாய்மார்கள் வழங்கிவந்த சொல். இரு கண்டங்களின் தாய்மார்கள், ஒருவரையொருவர் அறியாமலே, ஒரே துக்கத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள்.

பகவானின் கிருபையை விளக்கத் தாயையும் குட்டியையும் காட்டும் வழக்கம் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வளர்ந்தவர்களுக்குப் புதிதன்று. ஜீவன் தானும் முயன்று பற்றவேண்டும் என்போர் தாயின் வயிற்றைக் கவ்விக்கொள்ளும் குரங்குக்குட்டியை உதாரணமாகச் சொன்னார்கள். முயற்சி சிறிதும் வேண்டா, அவனே எடுத்துச் செல்வான் என்போர் தாயின் வாயில் செயலற்றுத் தொங்கும் பூனைக்குட்டியைக் காட்டினார்கள். வேதாந்த தேசிகரின் வழிவந்தவர்களும் பிள்ளை லோகாசாரியரின் வழிவந்தவர்களும் நூற்றாண்டுகளாக வாதித்த அந்த இரண்டு நியாயங்களும் அந்த ஆடி மாதத்தில் என் ஒரே சரீரத்தில் ஒருங்கே குடியிருந்தன: உள்ளே இருந்தது பூனைக்குட்டி, வெளியே கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது குரங்குக்குட்டி. நேற்றுவரை பூனைக்குட்டியாக இருந்தவனுக்குப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது இடம் பறிபோகும் என்ற அச்சமே என்று எனக்குத் தோன்றிற்று.

ஆயினும் என்னைக் கலங்கவைத்தது இவ்விரண்டுமல்ல, பசுவின் திருஷ்டாந்தம். வத்ஸம் என்றால் கன்று. அதிலிருந்து பிறந்தது வாத்ஸல்யம் என்ற சொல். அன்று பிறந்த கன்றின் மேலுள்ள அழுக்கை அருவருக்காமல் இனிதென்று நக்கித் தீர்க்கும் பசு, அதன்மேல் கொண்ட பிரேமையினால் முன்னீன்ற கன்று அருகே வந்தால் முட்டி விலக்கிவிடும் என்றும், அப்படியே எம்பெருமான் இன்று வந்து சரணமடைந்தவன்பொருட்டு வைகுண்டத்தில் என்றும் தன்னுடனிருக்கும் நித்யசூரிகளையும் பின்னே நிறுத்துவான் என்றும் உரையாசிரியர்கள் உருகி எழுதினார்கள். சிறுமியாக உபந்யாசத்தில் இதைக் கேட்டபோது நானும் கண்ணீர் விட்டிருக்கிறேன். அந்த ஆண்டு மறுபடி கேட்டபோது பாதியில் எழுந்து வந்துவிட்டேன். அவர்கள் சொன்ன முன்னீன்ற கன்று நித்யசூரி; பசியும் பயமும் அறியாதவர். என் வீட்டு முன்னீன்ற கன்றுக்கு வயது 20 மாதந்தான்.

ஆற்றுக்குத் தெற்கே மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் சரிதம் அப்போதுதான் எனக்குப் புதிதாக விளங்கிற்று. பிரசவ காலத்தில் தனித்திருந்த ரத்னாவதி என்ற செட்டிப்பெண்ணுக்குத் துணையாகப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தினால் அக்கரையிலே நின்றுவிட, சிவபெருமான் அந்தத் தாயின் உருவெடுத்து வந்து மகப்பேறு பார்த்தார் என்பது ஸ்தல புராணம். சுகப்பிரசவம் வேண்டிக்கொண்டவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள். வலியில்லாமற் செய்ய வல்ல ஈசன் வலியை நீக்கினார் என்று கதை சொல்லவில்லை. மருந்து கொடுத்து, பணிவிடை செய்து, வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வாசலில் வந்து நிற்கும்வரை கூடவே இருந்தார் என்றுதான் சொல்லுகிறது. குரங்கும் பூனையும் பசுவும் தனியே நிற்கும் தாய்கள். இந்தப் புராணம் ஒன்றே, தாய்க்கும் ஒரு தாய் வேண்டும் என்பதை அறிந்திருக்கிறது. பிரியம் பங்கிடக் குறைவதில்லை என்று பெரியோர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் பாலும் தூக்கமும் இடுப்பின் பலமும் பங்கிட்டால் குறைகின்றனவே. அந்தக் குறைவு தாயின் அன்பில் உள்ள குறைவென்று எண்ணி எத்தனை பெண்கள் தனியே அழுதிருக்கிறார்கள்!

காவிரிக்கும் பங்கிட்டு ஊட்டுவது தானாக இயலவில்லை. முக்கொம்பில் பிரியும் நீர் சரிவு மிகுந்த கொள்ளிடத்தின் பக்கமே பெருகி ஓட, காவிரியின் தலைப்பு மணலால் மேடிட்டுத் தஞ்சைக் கழனிகளுக்குப் போகும் நீர் வரவரச் சுருங்கிப்போக, 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கிய பிறகுதான் அவளுடைய இரு கிளைகளுக்கும் பங்கீடு ஒழுங்காயிற்று.

அன்று படித்துறையில், முன்பின் அறியாத ஒரு பாட்டி, தோய்த்த புடவையோடே என்னெதிரே வந்து நின்று, "பிள்ளையை இப்படிக் குடும்மா, நீ போய்க் காலை நனைச்சுண்டு வா" என்றார். அவன் முகத்தை என் தோளில் புதைத்துக்கொண்டு இன்னும் இறுக்கினான். பாட்டி வற்புறுத்தவில்லை. மேல்படியில் உட்கார்ந்து, வாழையிலைத் துண்டிலிருந்த காப்பரிசியில் கொஞ்சம் எடுத்து, வெல்லம் ஒட்டிய உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். வெகுநேரம் கழித்து அவன் என் கழுத்திலிருந்து ஒரு கையை எடுத்தான், அப்புறம் மற்றதையும். நான் நாலு படி இறங்கி, முழங்காலளவு புதுநீரில், இரண்டு கைகளும் வெறுமையாய் நின்றேன். உள்ளேயிருந்தது ஒருமுறை புரண்டு படுத்தது.