பட்ட மரத்துக் குடிகள்

வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம் வீட்டுக்காரனுக்குச் சொந்தம். இதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அம்மரம் பட்டுப்போய், அதில் மரங்கொத்தி ஒன்று பொந்து குடைந்து குஞ்சும் பொரித்துவிட்டால், அதை அன்றே வெட்டிச் சாய்க்கலாமா? சட்டம் சொல்வதை வக்கீலிடம் விட்டுவிடுவோம். நான் கேட்பது நாளை ஆண்டவன் முன் காட்டவேண்டிய கணக்கைப் பற்றி.

டுரியான் துங்கால் போன்ற ஊரில் இது வீண் கேள்வியன்று. தென்னையும் ரம்புத்தானும் நிற்கும் கொல்லைகள் இங்கே இன்னும் உண்டு. சுபுஹு தொழுதுவிட்டுக் கடை திறக்கப் போகுமுன் சற்று நின்று பார்ப்பவருக்குப் பொன்முதுகு மரங்கொத்தி தென்படும். மலாய்க்காரர் இவ்வினத்தைப் பெலாத்தோக் என்பர். ஆணுக்குச் சிவப்புக் கொண்டை, பெண்ணுக்குக் கறுப்புக் கொண்டை. வால் இறகை மரத்தில் ஊன்றிக்கொண்டு, எறும்பையும் புழுவையும் தேடி மேலேறும். சில வேளை வெற்றுக் கிளையில் படபடவென்று கொட்டுமே, அது இரைக்காக அன்று. பாடத் தெரியாத பறவை தன் எல்லையை அறிவிக்கும் முறை அது.

பொந்தைக் குடைய அதற்குப் பல நாள் உழைப்பு. அப்படியிருந்தும் குஞ்சுகள் பறந்தபின் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு, அடுத்த முறை வேறொன்று குடையும். காலியான பொந்தில் மைனா குடியேறும், குண்டுகரிச்சான் வரும், அணிலும் வரும். ஊரார் தங்கச் சத்திரம் கட்டி வக்பு செய்தவரைப் போல் இருக்கிறதே என்று சொல்லத் தோன்றும். சொல்லக்கூடாது. பறவைக்கு நிய்யத் கிடையாது. நிய்யத் உள்ளவர், கொல்லைக்குச் சொந்தக்காரரான நாம்தாம்.

வணிகராகிய நமக்கு எதையும் விலையால் அளந்தே பழக்கம். பாராவ்-பாராவ் என்னும் பறவையைப் பாருங்கள். அதன் இனிய குரலுக்கு நல்ல விலை கிடைத்தது. பிடித்துப் பிடித்தே ஜாவாக் காடுகளில் அது அற்றுப்போயிற்று. 2018-ல் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களில் அதைச் சேர்த்தார்கள். 2022-ல் சர்வதேச வாணிபத்துக்கே தடை வந்தது. மரங்கொத்தியைக் கூண்டில் வைக்க யாரும் விரும்புவதில்லை. ஒன்றை விலை கெடுத்தது. மற்றதன் வீடோ, விலையில்லாததால் விறகாகிறது.

கூண்டில் பறவை வளர்ப்பதே ஹராம் என்று கூற நான் துணியேன். அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த குருவியைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்த செய்தி நமக்குத் தெரியும். நட்ட மரத்தில் பறவை உண்பதும் நட்டவனுக்குத் தர்மமாகும் என்று போதித்தவர்களும் அவர்களே. கனி தரும் மரத்துக்கு அப்படியென்றால், கனி நின்றுபோன மரத்தில் பறவை குடியிருப்பதை நாம் எப்படி எண்ணவேண்டும்?

“பக்கத்து வீட்டுக் கூரைமேல் விழுந்தால்?” என்பார்கள். நியாயமான கேள்வி. அண்டைவீட்டாரின் ஹக்கு பறவைக்காகத் தள்ளிவைக்கக் கூடியதன்று. சாயும் மரத்தை அன்றே வெட்டத்தான் வேண்டும். ஆனால் நாம் வெட்டுபவை எல்லாம் சாயும் மரங்களா? பெரும்பாலும் பார்வைக்கு நன்றாயில்லை என்றோ, பெருநாளைக்கு முன் கொல்லை சுத்தமாகட்டும் என்றோதானே வெட்டுகிறோம்! அத்தகைய மரத்தை விட்டுவைக்கலாம்; அச்சமிருந்தால், பொந்துக்கு மேலே கனமான கிளைகளை மட்டும் கழிக்கலாம். குஞ்சுகள் பறக்கச் சில வாரங்களே ஆகும். கடன்காரருக்கு அதைவிட நீண்ட தவணை கொடுத்துப் பழகியவர்கள் நாம். மரம் வெட்டும் ஆளிடம் நாளைத் தள்ளிப்போடச் சொல்ல ஒரு டெலிபோன் போதும்.