காணாப் பொருளும் கருதலளவையும்

மலையிற் புகை கண்டு ஆங்கு நெருப்புண்டெனத் துணிவோன், நெருப்பை அடுக்களையிலேனும் முன்னர்க் கண்டுளான். யாண்டும் எவராலும் காணப்படாத பொருளையும் கருதலளவையால் உண்டெனத் துணியலாமோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

வானநூலார் இருட்பொருள் என்பது அத்தகையது. அஃது ஒளியை வெளிவிடுவதுமில்லை, மறைப்பதுமில்லை. ஆதலின் இருளென்னும் பெயர் அதற்கு அத்துணைப் பொருந்தாது. ஈர்ப்பொன்றே அதனைப் புலப்படுத்துவது. பெரிய உடுமண்டலங்களில் விண்மீனும் வளியும் மிக்கிருத்தலின் அதன் பங்கினைப் பிரித்தறிதல் அரிது; பால்வீதியைச் சூழ்ந்த மங்கலான சிற்றுடுமண்டலங்களிலோ விண்மீன்கள் மிகச் சில; வளி இல்லையென்றே சொல்லலாம்.

2006-இல் சிங்கராசித் திசையில் அறியப்பட்ட செக்வே 1 என்னும் மண்டலம் ஏறத்தாழ 75,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. அதன் விண்மீன்களெல்லாம் கூடித் தரும் ஒளி ஞாயிற்றொளியின் ஏறக்குறைய 300 மடங்கே. அவ்விண்மீன்களின் எடையே ஈர்ப்பதாயின், அவற்றின் வேகங்கள் தம்முள் நொடிக்கு அரைக் கிலோமீட்டரளவே வேறுபடல் வேண்டும். அளந்து கண்டதோ ஏறத்தாழ 4 கிலோமீட்டர். அத்துணை விரைவுடையவற்றைச் சிதறவொட்டாது பிணித்து வைத்தற்கு, அதன் நடுப்பகுதியில் மட்டும் ஞாயிற்றைப்போல் ஏறக்குறைய 6,00,000 மடங்கு எடை வேண்டும்.

மூடுபனியைப் புகையென மயங்குவாருமுளர். ஒரு விண்மீன் தன் துணைமீனைச் சுற்றுங்காலும் அதன் வேகம் வேறுபட்டுத் தோன்றும். அதுபற்றியே அவற்றை மீள மீள அளந்து, அவ்வேறுபாட்டைக் கழித்த பின்னரும் மிகுதி நிற்கின்றதென்றனர்.

அற்றேல், காணாப் பொருளை வேண்டுவதினும் ஈர்ப்பு விதியையே திருத்தினாலென்னையெனின், அது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. யுரேனஸ் கோளின் நெறிப்பிறழ்ச்சி கொண்டு லெவெரியர் கருதிய புதுக்கோள் 1846-இல் நெப்டியூனாகக் காணப்பட்டது. புதனின் பிறழ்ச்சிக்கு அவரே 1859-இல் கருதிய பொருளோ காணப்படவேயில்லை; 1915-இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பு விதியைத் திருத்தியே அதனை விளக்கினார். இருட்பொருளுக்கு மாறாகவும் மில்கிரோம் என்பவர் 1983-இல் விதித்திருத்தமொன்று கூறினர்.

ஈண்டு எதிர்மறை எடுத்துக்காட்டு வேண்டப்படும். பலோமார் 14 என்னும் விண்மீன்கொத்தும் பால்வீதியின் புறத்தே மங்கலாயுள்ளது. ஆயினும் அதன் மீன்கள் காணும் எடைக்கேற்பவே இயங்குதல் 2009-இல் அளந்தறியப்பட்டது. விதியே காரணமாயின் ஓரிடத்து மிகுதியும் மற்றோரிடத்து இன்மையும் என்னை? அளக்கப்பட்ட மீன்கள் இருபதுக்குட்பட்டனவாதலின் இவ்வேதுவை முடிந்த முடிபெனக் கொள்ளேம். எனினும் பொருளுண்டென்பார் பக்கமே வலியுடைத்தென்பது எம் கருத்து.

உண்மை துணியப்படினும் இயல்பு துணியப்பட்டிலது. அப்பொருளின் துகள்கள் தம்முள் மோதி அழியுங்கால் காமாக் கதிர் எழுமென எண்ணி, 2008-இல் ஏவப்பட்ட பெர்மி என்னும் விண்தொலைநோக்கி இச்சிற்றுடுமண்டலங்களைப் பல்லாண்டு நோக்கிற்று. ஐயமறக் கிடைத்தது யாதுமில்லை.