கருவுக்குள் ஆணையிடுவது எது?

முழுமையை முன்பே அறிந்த ஒன்று இல்லாமல் உடல் என்னும் முழுமை உருவாக முடியுமா? 1891-இல் ஜெர்மானிய உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷ் இதைக் கடல் முள்ளெலியின் கருவில் சோதித்தார். இரு செல் நிலையில் இருந்த கருவைக் குலுக்கிப் பிரித்தார். பாதி உடல் கிடைக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு செல்லும் சிறிய, ஆனால் முழுமையான லார்வாவாக வளர்ந்தது. உடைத்த இயந்திரம் இரண்டு இயந்திரங்களாவதில்லை. ஆகவே செல்களை நடத்தும் பொருளற்ற ஆற்றல் ஒன்று உண்டு என்று முடிவு கட்டி, அதற்கு அரிஸ்டாட்டிலின் சொல்லான 'என்டெலக்கி' என்று பெயரிட்டார். பிறகு தத்துவப் பேராசிரியரானார்.

அவர் கண்டது உண்மை, முடிவு அவசரமானது.

1924-இல் வெளியான ஆய்வில், ஹான்ஸ் ஸ்பெமானும் ஹில்டெ மாங்கோல்டும் நியூட் என்ற சிறு நீர்நில விலங்கின் கருவிலிருந்து சிறு துண்டு ஒன்றை எடுத்து, வேறு நிறமுள்ள நியூட் கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினர். அங்கே இரண்டாவது உடல் எழுந்தது. அதன் நரம்புக்குழலில் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்து வந்ததல்ல. தோலாகவிருந்த அண்டைச் செல்களே நரம்பாக மாறியிருந்தன. அத்துண்டுக்கு 'அமைப்பாளர்' என்று பெயர் வந்தது. மாங்கோல்ட் அதே ஆண்டு தீ விபத்தில் இறந்தார்.

அமைப்பாளர் ஆணையிடுகிறது என்றே பலரும் எண்ணினர். ஆனால் கொல்லப்பட்ட திசுவும் அதே விளைவைத் தருவது 1932-இல் தெரிந்தது. 1990-களில் விடை தெளிந்தது. செல்களைத் தோலாக மாறச் சொல்லும் பிஎம்பி என்ற புரதம் கருவில் பரவியிருக்கிறது. அமைப்பாளர் சுரக்கும் நாகின், கார்டின் புரதங்கள் அதைப் பற்றிக்கொண்டு, செல்லின் ஏற்பியைத் தொடவிடாமல் தடுக்கின்றன. அந்தச் செய்தி எட்டாத செல் தன் இயல்பில் நரம்பாகிறது. அமைப்பாளர் செய்தது கட்டளையிடுவதல்ல, ஒரு கட்டளையை அடக்குவது.

முழு மரபணுத் தொகுதியும் கருவின் ஒவ்வொரு செல்லிலும் உண்டு. ஆனால் தான் நிற்கும் இடம் எது என்பதைச் செல்லுக்கு அண்டைச் செல்களே உணர்த்துகின்றன. துணையைப் பிரிந்த கடல் முள்ளெலிச் செல் முழு உடலானது இதனால்தான். அங்கே என்டெலக்கிக்கு வேலை இல்லை. இது இறைவனை மறுக்கும் சான்றாகாது. இத்தகைய ஒழுங்கு ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஆனால் கருவுற்ற கணமே பிரிக்க முடியாத ஓர் ஆன்மா குடியேறுகிறது என்போர், ஒரே கருவிலிருந்து பிறக்கும் இரட்டையரைப் பற்றி விடை சொல்லியாக வேண்டும். மனிதக் கருவும் ஏறத்தாழ 14 நாள் வரை இரண்டாகப் பிரியக்கூடும். ஆய்வுக்கூடத்தில் அதற்கு மேல் மனிதக் கருவை வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனில் கரு ஆய்வை ஆராய்ந்த வார்னாக் குழு 1984-இல் பரிந்துரைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.