பொறுமையும் பிணக்கும்



சென்ற வருடம் நம் தாங்கலில் திருஏடு வாசிப்பு நடந்த பத்து நாளும் நான் எட்டிப் பார்க்கவில்லை. நைட் ஷிப்ட் என்று சொன்னேன். ஷிப்ட் உண்மைதான். ஆனால் மாற்றிக் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். திருக்கல்யாண நாள் ஏட்டைப் பல வருடமாக வாசித்து வந்தவன் நான். அதை இளவயதுப் பையன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். முன்கூட்டி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் குத்தியது.

ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் “ஒன்றுமில்லை” என்றேன். பிணங்கியவன் சொல்லும் முதல் பொய் இது. ஏதோ இருக்கிறது என்று எதிரில் நிற்பவர் தானாகக் கண்டுபிடித்து, வந்து கூப்பிட வேண்டும் என்று உள்ளே காத்திருப்பான். ஏட்டை எனக்குத் தராதவர்கள் அந்தப் பத்து நாளும் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தது, இதில் சம்பந்தமே இல்லாத என் வீட்டுக்காரியிடம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நமக்கு இது புதிதல்ல. தனக்குப் பின்னால் சேர்ந்தவன் சூப்பர்வைசர் ஆகிவிட்டால் சிலர் மிஷினை ஓட்டுவார்கள், ஆனால் புதிதாக வரும் பையனுக்கு அதன் நுணுக்கத்தைச் சொல்லித் தர மாட்டார்கள். கேட்டால், “நான் பொறுமையாக இருக்கிறேன்” என்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணிக்கொண்டேன். பொறுமைக்காரனும் பிணங்கியவனும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருப்பார்கள்.

அய்யா பட்டது இதைவிட எவ்வளவு பெரியது! 1838இல் பிடித்துக் கொண்டுபோய், சுவாதித் திருநாள் மன்னர் ஆட்சியில் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் 110 நாள் சிறை வைத்தார்கள். 1839இல் திரும்பி வந்தவர், என்னை இப்படிச் செய்துவிட்டார்களே என்று ஒதுங்கி இருக்கவில்லை. 700 குடும்பங்களை வாகைப்பதிக்கு அனுப்பித் துவையல் தவசு செய்ய வைத்தார். ஒரு வேளை உணவு, கடலில் குளியல், துணி துவைப்பு. தலைப்பாகை கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகை கட்டி நின்றே வணங்கச் சொன்னார். ஊர்க் கிணற்றில் இடம் கிடைக்காதவர்களுக்கு முத்திரிக் கிணறு உண்டானது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1841இல் அரிகோபாலன் சீடர் கையால் எழுதப்பட்ட அகிலத்திரட்டில் நீசன் செய்த கொடுமை மறைக்கப்படவில்லை. எதற்கெல்லாம் வரி போட்டான் என்பதுகூட இருக்கிறது. ஆகவே பொறுமை என்பது வாயை மூடிக்கொள்வது அல்ல. பொறுமைக்காரன் குறையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறான். நான் குறையை மறைத்து வைத்துக்கொண்டு வேலையை நிறுத்தினேன்.

பதினோராம் நாள் தாங்கலுக்குப் போனேன். பள்ளியறையில் சிலையா இருக்கிறது, நம் முகத்தை மறந்து கும்பிட? கண்ணாடிதானே. அதில் தெரிந்த முகம் எனக்கே பிடிக்கவில்லை. பணிவிடை முடிந்ததும் மூத்தவரிடம் நேராகவே கேட்டேன்.

“போன தடவை ரெண்டு இடத்துல வரி விட்டுப் போச்சு அண்ணாச்சி. சொன்னா மனசு சங்கடப்படுவீங்கன்னு சொல்லல” என்றார்.

அந்த இரண்டு இடமும் எனக்கே தெரிந்தவைதான். கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. இருந்தாலும் சொல்லாமல் விட்டது அவர்கள் தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். அதை அவரிடமும் சொன்னேன். சிரித்துக்கொண்டே அன்னப்பால் எடுத்துத் தந்தார்.

இந்த வருடமும் அந்தப் பையன்தான் வாசிக்கப் போகிறான். பக்கத்தில் அமர்ந்து விளக்கம் சொல்ல என்னை வைத்திருக்கிறார்கள். வருத்தம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஷிப்ட் முடிந்து இருவரும் சாயங்காலம் ஏட்டைப் பிரித்து உட்காருகிறோம். குரல் நல்ல குரல், ராகம் மட்டும் சில இடங்களில் அவசரப்படுகிறது.