கண்ணை மூடிக்கொண்டு சொன்னது

அம்மாவுக்கு அக்கி வந்து ஆறி எட்டு மாதம் ஆகிறது. கொப்புளங்களின் தடம்கூட மங்கிவிட்டது. ஆனால் இடது விலாவில் புடவை உரசினால் துடித்துப்போகிறாள். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் தாங்குகிறாள். ஃபேன் காற்றைத் தாங்க முடியவில்லை. "எரியுதா, குத்துதா?" என்று டாக்டர் கேட்டார். "ரெண்டும் இல்லைங்க, அது வந்து..." என்று அவள் தொடங்குவதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிரவு ஹென்றி ஹெட்டைப் பற்றி மறுபடி படித்தேன்.

லண்டனில் இருந்த நரம்பியல் மருத்துவர். 1861இல் பிறந்தவர். உள்ளுறுப்பில் கோளாறு இருந்தால் தோலில் எந்தப் பட்டையில் வலி தெரியும் என்று வரைந்து காட்டியவர். அக்கி, தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சுகளைத் தாக்கும் நோய் என்பதை 1900இல் கேம்ப்பெலோடு சேர்ந்து நிறுவியவர். நரம்பு அறுபட்டு வந்தவர்களிடம் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களும் தெரிந்தவரை சொன்னார்கள், களைத்தும் போனார்கள். அவருக்கு வேண்டியது அதற்கும் உள்ளே இருந்தது.

1903 ஏப்ரல் 25 அன்று தன் இடது முழங்கை அருகே தோல் நரம்புகளை வெட்டச் சொன்னார். வெட்டிய முனைகளைப் பட்டு நூலால் இணைத்தார்கள். அவருக்கு அப்போது 41 வயது.

பிறகு நாலு ஆண்டுக்கும் மேல், வார இறுதிகளில் ரயிலேறி கேம்பிரிட்ஜ் போனார். அங்கே செயின்ட் ஜான்ஸ் கல்லூரி அறையில் ரிவர்ஸ் காத்திருப்பார். நம் நீலகிரியில் தோடர்களோடு பழகி அவர்களைப் பற்றி எழுதிய அதே ரிவர்ஸ்தான். ஹெட் கண்ணை மூடிக்கொள்வார். ரிவர்ஸ் பஞ்சால் தொடுவார், ஊசியால் குத்துவார், குளிர்ந்ததை வைப்பார். ஹெட் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்வார்.

அழுத்தினால் தொடக்கத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் தோல் மரத்துக் கிடந்தது. வாரக்கணக்கில் பொறுத்த பிறகு முதலில் திரும்பியது வலி. அதுவும் பழைய வலி இல்லை: குத்திய இடத்தில் நிற்காமல் பரவியது, இயல்பான வலியைவிடக் கொடுமையாக இருந்தது. பஞ்சின் மென்மையான தொடுகை வர வெகுகாலம் ஆயிற்று.

இதிலிருந்து உணர்வில் இரண்டு அடுக்குகள் உண்டு என்று அவர்கள் 1908இல் எழுதினார்கள். 1909இலேயே டிராட்டரும் டேவிஸும் தங்கள் நரம்புகளையே வெட்டிப் பார்த்து மறுத்தார்கள். அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. ஒரு புறங்கை என்ன உணர்கிறது என்று கேட்க இரண்டு பேர் இத்தனை ஆண்டு ஒதுக்கினார்களே, அதுதான் எனக்குப் பெரிது.

1911இல் ஹெட் கார்டன் ஹோம்ஸோடு எழுதிய கட்டுரையில் ஒருவர் வருகிறார். மூளைக்குள் தலாமஸ் பழுதானவர். வழிபாட்டில் பாட்டு எழும்பினால் பாதிக்கப்பட்ட பக்கத்தால் அதைத் தாங்க முடியாது. அதனாலேயே அங்கே போவதை நிறுத்திவிட்டார். பாடும் நேரமெல்லாம் அப்பா அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தது மகன். பாட்டு கையில் வலிக்கும் என்று யார் நம்புவார்கள்? ஹெட் நம்பினார், எழுதி வைத்தார்.

இன்று மத்தியானம் ஃபேனை நிறுத்திவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு என்னம்மா சொல்ல வந்தே?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி. அந்த எறும்பு காலெல்லாம் சுடுற மாதிரி... இல்ல, அதுவும் இல்ல. இரு, யோசிச்சுச் சொல்றேன்."